நீரா, மயில்துத்தமா? மலைப் பள்ளிக்கு ஏற்ற மின்னாற்பகுப்பு எது?

மின்சாரம் பாய்ச்சி ஒரு பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புப் பாடத்துக்கு இரண்டு செய்முறைகள்தான் வழக்கம். நீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எடுப்பது ஒன்று. மயில்துத்தம் எனும் காப்பர் சல்பேட் கரைசலில் செம்பு படிய வைப்பது இன்னொன்று. சமவெளியில் எதைச் செய்தாலும் சரிதான். ஊட்டி, கேத்தி, கோத்தகிரிப் பக்கம் என் ஓட்டு இரண்டாவதற்கே.

நீரில் முதல் தகராறு, எதைக் கலப்பது என்பது. சுத்தமான நீரில் அயனிகள் மிகக் குறைவு. மின்சாரம் பேருக்குத்தான் பாயும். கைக்குக் கிடைக்கிற உப்பைப் போட்டால் குமிழ் ஜோராக வரும். ஆனால் நேர்மின்வாயில் குளோரின் கிளம்பும். குளிருக்கு ஜன்னலை அடைத்த வகுப்பறையில் அது வேண்டவே வேண்டாம். ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு என்ற 2:1 கணக்கும் கெட்டுப்போகும். சலவை சோடா தேவலாம். அதிலும் கார்பன் தண்டு வைத்தால், வரவேண்டிய ஆக்சிஜனில் கொஞ்சம் அந்தத் தண்டை அரிப்பதிலேயே போய்விடும். பிளாட்டினம் வைக்கலாம்தான், காசு யார் கொடுப்பது?

மயில்துத்தத்தில் இந்தத் தொல்லை இல்லை. உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் சுண்ணாம்போடு சேர்த்து போர்டோ கலவையாக அடிக்கும் அதே சரக்கு. பூச்சிமருந்துக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். செம்பு அயனிகள் எதிர்மின்வாய்க்குப் போய், ஆளுக்கு இரண்டு எலக்ட்ரான் வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிகின்றன. பழைய டார்ச் செல்லின் கரித்தண்டு கொஞ்ச நேரத்திலேயே இளஞ்சிவப்பாகிவிடும். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

இதில் மின்வாயை மாற்றிப் பார்ப்பதுதான் உண்மையான பாடம். இரண்டும் கரித்தண்டாக இருந்தால் நேர்மின்வாயில் ஆக்சிஜன் வரும், நீலம் மெல்ல வெளிறும், கரைசலில் கந்தக அமிலம் சேரும். இரண்டும் செம்புத் தகடானால் நேர்மின்வாய் கரைந்து இளைக்கும், எதிர்மின்வாய் பருக்கும், நீலம் குறையாது. செம்பைச் சுத்திகரிக்கும் ஆலைகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. கரைசல் ஒன்று, மின்கலம் ஒன்று, விளைவு மட்டும் வேறு: மனப்பாடம் செய்தவனும் இங்கே யோசித்தாக வேண்டும்.

அப்புறம் ஃபாரடே விதி: பாய்ந்த மின்னூட்டம் எவ்வளவோ, அதற்கேற்ற எடைதான் படியும். 0.5 ஆம்பியர் மின்னோட்டத்தை 30 நிமிடம் விட்டால் 900 கூலும் மின்னூட்டம். அதற்குச் சுமார் 0.3 கிராம் செம்பு படிய வேண்டும்; சென்னையானாலும் ஊட்டியானாலும் அதே எடைதான். நீரில் வரும் ஹைட்ரஜனின் கன அளவு அப்படியல்ல. 30 டிகிரி வெப்பமுள்ள சென்னையில் 116 மில்லிலிட்டர் வரும் வாயு, 15 டிகிரி குளிரில் ஊட்டியில் 144 மில்லிலிட்டரை நெருங்கும் (நீராவியைச் சேர்க்காமல்). காரணம், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். புத்தகத்து விடையோடு ஒப்பிடும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? பதினொன்றாம் வகுப்பானால் இந்தக் குழப்பமே நல்ல கணக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம்.

நீருக்கு ஒரு பெருமையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நீரின் வாய்பாட்டில் ஹைட்ரஜன் ஏன் இரண்டு என்பதை இரண்டு குழாய்களின் உயரமே காட்டிவிடும், எந்த மலையில் வைத்தாலும். துத்தத்தால் அது முடியாது.

ஒரு எச்சரிக்கை: துத்தக் கரைசலை ஓடையில் கொட்டக்கூடாது, மீனுக்கு நஞ்சு. செம்புத் தகடு வைத்துச் செய்தது என்றால் அப்படியே பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.