ஆதாரை எந்தத் தளத்தில் போடலாம்? இலவச பிரவுசர் கருவிகள், ஓர் ஒப்பீடு

அக்கா மகள் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது பக்கத்தில் இருந்தேன். தேர்வை நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது 200×230 பிக்சலில், 20 முதல் 50 கேபிக்குள் ஒரு புகைப்படம். 140×60 பிக்சலில், 10 முதல் 20 கேபிக்குள் கையெழுத்து. போனில் எடுத்த படமோ 4 எம்பி. கூகுளில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் போட்டுக் குறைத்துக்கொண்டாள், சரி. அதே சூட்டில், விடுதியில் கேட்கிறார்கள் என்று ஆதார் பிடிஎஃபின் பாஸ்வேர்டை எடுக்க இன்னொரு தளத்தைத் திறந்து கோப்பையும் பாஸ்வேர்டையும் சேர்த்தே கொடுக்கப் போனாள். அங்கேதான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இந்த மாதிரிக் கருவிகளை ஒப்பிடும்போது வேகம், விளம்பரத் தொல்லை எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். நான் கொடுக்கும் கோப்பு என் கணினிக்குள்ளேயே இருந்து வேலை முடிகிறதா, யாருடைய சர்வருக்கோ (அதாவது இணையத்தின் மறுமுனையில் இருக்கும் அவர்கள் கணினிக்கு) போய்த் திரும்புகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தளம் முழுதாக லோடு ஆனதும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். வேலை நடந்தால் எல்லாம் உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. சுற்றிக்கொண்டே நின்றால் கோப்பு பெரும்பாலும் வெளியே போகிற வகை.

படத்தின் அளவைக் குறைக்க ஸ்க்வூஷ், டைனிபிஎன்ஜி இரண்டையும் வைத்துப் பார்ப்போம். ஸ்க்வூஷ் கூகுளின் குரோம் குழு 2018இல் வெளியிட்டது, நான் சொன்ன சோதனையில் தேறிவிடும். தரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதை நகர்த்த நகர்த்த கீழே எத்தனை கேபி என்று காட்டிக்கொண்டே வரும், விண்ணப்பப் படத்துக்கு நமக்கு வேண்டியது இதுதான். டைனிபிஎன்ஜி படத்தைத் தன் சர்வருக்கு எடுத்துக்கொண்டு எவ்வளவு குறைப்பது என்பதைத் தானே முடிவு செய்யும். 'எனக்கு 30 கேபி வேண்டும்' என்று சொல்ல இடமில்லை. ஆனால் கடையின் பொருட்களைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுகிறவருக்கு அதுதான் வசதி, ஒரே தடவையில் 20 படங்கள் வரை போடலாம். ஸ்க்வூஷில் ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும்.

ஸ்க்வூஷில் பலர் தடுமாறும் இடம் ஒன்று. 200×230 என்பது மிகச் சின்னப் படம். அதில் ஜேபிஇஜி தரம் வழக்கமான 75இல் இருந்தால் படம் 20 கேபிக்குக் கீழே போய்விடும், விண்ணப்பப் பக்கம் ஏற்காது. தரத்தை 95க்கு மேல் தள்ளிப் பாருங்கள், சரியாக வந்து நிற்கும். இன்னொன்று, நீள அகல விகிதத்தை முதலில் போன் கேலரியிலேயே வெட்டிச் சரிசெய்துவிடுங்கள், இல்லாவிட்டால் முகம் இழுபட்டுப் போகும்.

வெட்டுவது, பின்னணி மாற்றுவது, எழுத்துச் சேர்ப்பது எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் ஃபோட்டோபியா. இவான் குட்ஸ்கிர் என்பவர் உருவாக்கி 2013இல் வெளியிட்டது, ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பையும் திறக்கும், இதுவும் பிரவுசருக்குள்ளேயே வேலை செய்கிறது. பக்கவாட்டில் விளம்பரம் வரும், சின்னப் போன் திரையில் திணறும்; கணினி இருப்பவர்களுக்குத்தான் சொல்வேன். பின்னணியை ஒரே சொடுக்கில் நீக்குவதில் ரிமூவ்.பிஜி கெட்டி, ஆனால் இலவசமாகக் கிடைப்பது சிறிய அளவுப் படம், அதற்கும் உங்கள் முகம் அவர்கள் சர்வருக்குப் போக வேண்டும்.

பிடிஎஃப்தான் பெரிய தலைவலி. ஐலவ்பிடிஎஃப் ஸ்பெயினிலிருந்தும் ஸ்மால்பிடிஎஃப் சுவிட்சர்லாந்திலிருந்தும் நடப்பவை. இரண்டுமே கோப்பைச் சர்வருக்கு ஏற்றித்தான் சேர்ப்பதும் சுருக்குவதும் செய்கின்றன. முதலாவது 2 மணி நேரத்திலும் அடுத்தது 1 மணி நேரத்திலும் அழித்துவிடுவதாக அறிவித்திருக்கின்றன. ஸ்மால்பிடிஎஃப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இலவசக் கணக்கில் சீக்கிரமே கதவை மூடிவிடும். பாடக் குறிப்பு, அழைப்பிதழ் மாதிரியான கோப்புகளுக்கு ஐலவ்பிடிஎஃபைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆதார், சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை என்றால் நான் போவது ஜெர்மனியின் பிடிஎஃப்24க்கு, அதிலும் இணையதளத்துக்கு இல்லை, விண்டோஸில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்புக்கு. இணையமே இல்லாமல் சேர்க்கும், பிரிக்கும், சுருக்கும்.

பாஸ்வேர்டு எடுக்க எந்தத் தளமுமே தேவையில்லை. ஆதார் பிடிஎஃபை குரோமில் திறந்து, பாஸ்வேர்டு கொடுத்து, பிரிண்ட் அழுத்தி, பிரிண்டருக்குப் பதில் 'பிடிஎஃபாகச் சேமி' என்பதைத் தேர்ந்தெடுங்கள், புதிய கோப்பு பூட்டில்லாமல் வரும். அன்று அவளுக்கும் இப்படித்தான் செய்துகொடுத்தேன். அதைவிட நல்லது, ஆதார் தளத்திலேயே கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மறைப்புப் பதிப்பை இறக்கிக்கொள்வது. படிவத்தில் எழுத்து நிரப்ப வேண்டும் என்றால் ஃபயர்பாக்ஸில் பிடிஎஃபைத் திறந்து அதன் மேலேயே எழுதலாம், கையெழுத்துப் படத்தையும் ஒட்டலாம்.

படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்க நான் நம்புவது கூகுள் டிரைவைத்தான்: படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் போதும். அச்சுத் தமிழை நன்றாகவே படிக்கிறது. சர்வருக்குப் போகிறதுதான், பழைய பத்திரிகைப் பக்கத்துக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

பெயர் தெரியாத 'இலவச கன்வர்ட்டர்' தளங்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் சில கோப்போடு சேர்த்துத் தீநிரலையும் (மால்வேர்) இறக்கிவிடுகின்றன என்று 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் எச்சரித்தது. தேடலில் மேலே வருவது விளம்பரமாகவும் இருக்கலாம், அதனால் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். அப்புறம், பிரவுசிங் சென்டர் கணினியில் என்றால் எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் கோப்பு அங்கேயே தங்கிவிடும். எழுந்து வருவதற்கு முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் திறந்து, உங்கள் கோப்புகளை அழித்துவிட்டு வாருங்கள்.