இயற்பியலைத் தனியாகப் படிக்க எந்தப் புத்தகம்?

வாத்தியார் இல்லாமல் படிப்பவருக்குப் புத்தகம் ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டும்: தப்பாகப் புரிந்துகொண்டதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எங்கள் அளவுகோல் அதுதான்.

தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் இயற்பியல் இரண்டு தொகுதி. தமிழிலேயே கிடைக்கிறது, பிடிஎஃப் இலவசம். இரண்டாம் பாடத்திலேயே வெக்டரும் வகை நுண்கணிதமும் வந்துவிடுவதால், தொடங்கும்போது தனியாகக் கணக்குப் புத்தகம் தேட வேண்டாம். ஆனால் பயிற்சி போதாது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும் கணக்குகள் பல. புரியாமலேயே முழு மார்க் எடுக்க முடியும்.

இயற்பியல் பேராசிரியர் எச்.சி. வர்மாவின் 'கான்செப்ட்ஸ் ஆஃப் பிசிக்ஸ்' முந்துவது இங்கேதான். ஒரு மாதிரிக் கணக்கு: தரையில் 2 கிலோ மரக்கட்டை, உராய்வுக் குணகம் 0.4. 5 நியூட்டன் விசையால் கிடையாகத் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்து, 0.4 × 2 × 10 = 8 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். அது சரியென்றால், தள்ளுகிறவரை நோக்கியே கட்டை 1.5 மீ/வி² முடுக்கத்தில் வர வேண்டுமே! 8 என்பது நிலை உராய்வு (கட்டை நகராமல் இருக்கும்போது உள்ள உராய்வு) எட்டக்கூடிய உச்சம் மட்டும். 5-ல் தள்ளினால் 5-தான் எதிர்க்கும். வர்மாவின் குறுவினாக்களும் கொள்குறி வினாக்களும் இப்படிப்பட்ட இடங்களைத் தேடித் தேடிக் குத்துகின்றன. இரண்டாம் வகைக் கொள்குறியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். குருட்டாம்போக்கில் டிக் அடிப்பது பலிக்காது.

சிரமமும் உண்டு. ஆங்கிலம். நுண்கணிதத்துக்கு இரண்டாம் அத்தியாயத்தில் சில பக்கங்களே. பத்தாவதான சுழற்சி இயக்கத்தில் திணறினால், பதினொன்றாவதான ஈர்ப்பைப் படித்துவிட்டுத் திரும்புங்கள். அதைத் தாண்டிப் போகாதீர்கள்: பன்னிரண்டில் வரும் சில ஊசல்களுக்கு, பத்தில் படிக்கும் நிலைமத் திருப்புத்திறன் (ஒரு பொருளின் சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) தேவை.

கணக்கை விட்டுப் பல வருஷம் ஆனவருக்கு இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் அமைப்பின் 'காலேஜ் பிசிக்ஸ்' நல்லது. இயற்கணிதமும் கொஞ்சம் முக்கோணவியலும் போதும், இணையத்தில் இலவசம். அவர்களுடைய மூன்று தொகுதி 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' நுண்கணிதம் கேட்கும். பெயரைக் குழப்பிக்கொண்டு அதைத் திறந்தால் முதல் வாரமே மனம் விட்டுப்போகும்.

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் விரிவுரைகள் அருமையானவை. ஆனால் 1961–63-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக வகுப்பறையில் பேசியவை அவை. பயிற்சிக் கணக்குகள் தனி நூலில். முதல் புத்தகமாக வேண்டாம். ஒரு பாடத்தை முடித்தபின் படித்தால்தான் ருசி தெரியும்.

தமிழ்வழியில் படித்தவருக்கு எங்கள் பரிந்துரை பிளஸ் ஒன் புத்தகத்தையும் வர்மாவையும் சேர்ப்பது. பிளஸ் ஒன் மூன்றாம் பாடமான இயக்க விதிகள் முடிந்ததும் வர்மாவில் அத்தியாயம் 5, 6, 7; நான்காம் பாடத்துக்கு 8; ஐந்தாம் பாடத்துக்கு 9, 10. தீர்த்துக் காட்டிய கணக்குகளில் தீர்வை ஒரு தாளால் மூடி, விசைப்படம் வரைந்து, இருபது நிமிடம் முட்டிப் பார்த்த பிறகே தாளை எடுங்கள்.