ஆட்டைக் குறைப்பதா, முழுக்க அகற்றுவதா?

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தின் மேல்சரிவில் நாவல், நெல்லிக் கன்றுகள் நட்டோம். பட்டியில் இருந்தவை 14 சேலம் கருப்பு ஆடுகள். கண்ணில் பட்ட குருத்தையெல்லாம் அவை கடித்தன. 4 மட்டும் போதும் என்று மற்றவற்றை விற்றுப் பார்த்தோம். 2 வருஷத்தில் அவை 11 ஆகின. கன்று ஒன்றும் தேறவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கொங்கணாபுரம் சந்தைக்கு ஓட்டிப் போனோம்.

தீவுகளில் மனிதர் கொண்டுபோய் விட்டு, காட்டில் தானாகப் பெருகிச் செடிகொடியை அழிக்கும் ஆடுகளை என்ன செய்யலாம் என்ற பேச்சிலும் இதே இரண்டு வழிகள்தான். குறைத்து வைப்பது முதல் வருஷத்தில் மலிவு, எதிர்ப்பும் குறைவு. அதற்கு மேல் அதன் பக்கம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

முழுக்க அகற்றுவதில் தீர்மானமான விஷயம், மிச்சம் விடும் ஆடு. பசிபிக் கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் பிண்டா தீவில் 1959-ல் மீனவர்கள் விட்டது வெறும் 3 ஆடுகள். அவை பெருகித் தீவையே மொட்டையாக்கின. 1971 தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 40,000-க்கு மேல் வேட்டையாடினார்கள். பொதருக்குள் சில தப்பின, மறுபடி பெருகின. தீவு முழுக்க விடுபட 2003 ஆனது.

அங்கே கைகொடுத்தது யூதாஸ் ஆடு. ஓர் ஆட்டின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விடுவார்கள். ஆடு தனியாக இருக்காது, எப்படியும் தன் இனத்தைத் தேடிப் போகும். சமிக்ஞையைப் பின்தொடர்ந்தால் ஒளிந்திருக்கும் மந்தை கிடைத்துவிடும். அதே கூட்டத்தின் சாண்டியாகோ தீவில் ஹெலிகாப்டரும் இந்த உத்தியும் சேர்ந்து 79,000-க்கு மேல் ஆடுகளை அகற்றின. ஆளையும் பணத்தையும் தின்பது கடைசிச் சில நூறு ஆடுகள்தான். அதற்கு நிதி ஒதுக்காமல் வேலையைத் தொடங்கினால் அத்தனை உயிரைக் கொன்றதும் வீண். ஆடு வளர்த்தவன் என்பதால் இதை மனசு கனத்துத்தான் எழுதுகிறேன்.

வேலி போடுவது மூன்றாவது வழி. நாங்கள் ஒரு பக்கம் மட்டும், ஒரே மழைக்காலம் போட்டுப் பார்த்தோம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆட்டை நம்பிக் குடும்பங்கள் வாழும் தீவில் வேலிதான் நியாயமாக இருக்கலாம்.

ஆடு போனதும் இன்னொரு வேலை வரும். அது மேய்ந்து அடக்கி வைத்திருந்த கொடிகள் தலைதூக்கும். எங்கள் நாவல் இப்போது தோளுயரம். சுற்றிப் படரும் கொடியை மாதம் ஒரு முறை அறுத்துக்கொண்டிருக்கிறோம்.