பழைய சொகுசு கார் வாங்கப் போகிறவர்களுக்கு: டோக்கன் போடும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் பழைய சொகுசு கார்கள் விற்கும் ஒரு ஷோரூமில் 2023 ஆகஸ்டில் ஏமாந்தேன். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஷோரூம் பெயரை எழுதவில்லை. கார் கம்பெனி பெயரும் வேண்டாம். என் புகார் வண்டியைச் செய்தவர்கள்மேல் இல்லை, தெரிந்தே மறைத்து விற்றவர்கள்மேல்.

2014 மாடல் ஜெர்மன் செடான், பெட்ரோல். முதல் ஓனர் சென்னை, அடுத்தவர் கோவை. விலை 13.75 லட்சம். வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எல்லாமே அந்த மாடல் புதிதாக வந்தபோது எடுத்தவை. ஒன்பது வருடம் ஓடிய பிறகு அந்த வண்டியில் என்னென்ன போகும் என்று அதில் யாரும் பேசவில்லை, நானும் தேடவில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் மட்டும் ஏர் சஸ்பென்ஷனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஸ்பிரிங்குக்குப் பதில், கம்ப்ரஸர் காற்றடைக்கும் ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு அது. டோக்கன் கொடுக்கும்போது அதைப் பற்றிக் கேட்டேன். "சார், அது வெளிநாட்டு வண்டிக்கு சார். அங்க பனி, ரோட்ல உப்பு போடுவாங்க. நம்ம ஊர்ல அந்தக் கம்ப்ளைன்டே கிடையாது" என்றார் விற்பனையாளர். நம்பினேன்.

பத்தொன்பதாம் நாள் காலை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மனைவி, "ஏனுங்க, வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதுங்களே" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பின்பக்க இடது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் உறுமியது, வண்டி மெதுவாக எழுந்து நின்றது. மறுநாள் காலையும் படுத்துக்கிடந்தது. ஷோரூமுக்கு போன் செய்தால், தரை சரிவாக இருக்கும் என்றார்கள்.

சிங்காநல்லூர் பக்கம் தனியாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றி, சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பண்ணினார். ரப்பர் பை மடிகிற இடத்தில் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு, அதிலிருந்து வரிசையாக நுரைக் குமிழ். "இங்கதானுங்க காத்து போகுது. இத ஈடுகட்ட ஓடி ஓடி கம்ப்ரஸரும் போயிருச்சுங்க" என்றார். இரண்டு பக்கப் பையும் கம்ப்ரஸரும் சேர்த்து 2.4 லட்சம் ஆனது.

அடுத்து அவர் ஸ்கேனரைச் சொருகிக் காட்டியதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வண்டியில் கோளாறு வந்தால் அதன் கம்ப்யூட்டர் ஒரு பழுது கோடு (fault code) பதிந்துவைக்கும். அந்தக் கோடுகளை யாராவது அழித்தால், அழித்தபின் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பது கம்ப்யூட்டரில் பதிந்திருக்குமாம். அதில் 861 கி.மீ. என்று இருந்தது. மீட்டரில் 62,992. அப்படியானால் 62,131-இல் அழித்திருக்கிறார்கள். என் டெலிவரி நோட்டில் ஷோரூம்காரர்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட மீட்டர் கணக்கு 62,140. வண்டியை என் கையில் கொடுப்பதற்கு 9 கி.மீ. முன்பு!

அன்று ராத்திரிதான் ஓனர்கள் எழுதிய புகார்களைத் தேடினேன். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் வருடம், கம்பெனி, மாடல் கொடுத்தால் ஓனர்கள் அனுப்பிய புகார்கள் இலவசமாகக் கிடைக்கும். எந்தப் பாகம், எப்போது நடந்தது, விபத்தோ தீயோ ஏற்பட்டதா, யாருக்காவது காயமா என்று எல்லாம் இருக்கும். என் மாடலுக்குப் பக்கம் பக்கமாக அதே கதை: காலையில் பார்த்தால் பின்பக்கம் இறங்கியிருக்கிறது. பனியே பெய்யாத ஊர்க்காரர்களும் எழுதியிருந்தார்கள்.

அங்கேயே ரீகால் பட்டியலும், அதாவது குறையுள்ள பாகத்தை மாற்றித்தர கம்பெனியே திரும்ப அழைத்த வண்டிகளின் பட்டியலும் இருந்தது. அதில் ஏர்பேக் என்று பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த இன்ஃப்ளேட்டர்கள், அதாவது விபத்தில் ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகங்கள்: உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கெட்டு, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடிக்கும். உலோகக் கூடு சிதறி முகத்திலும் கழுத்திலும் பாயும். உலகம் முழுக்க 30 பேருக்கு மேல் இதனால் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்பப் பெற உத்தரவானது. வெப்பமும் ஈரமும் என்றால் சென்னையைவிட வேறு ஊர் வேண்டுமா? என் வண்டி முதல் ஆறு வருடம் இருந்தது அங்கேதான்.

மறுநாள் சேசிஸ் நம்பரோடு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஸ்டீயரிங் ஏர்பேக் ரீகாலில் இருக்கிறது, இன்னும் மாற்றப்படவில்லை என்றார்கள். கடிதம் முதல் ஓனரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. இரண்டாவது ஓனருக்குத் தெரியாது. ஷோரூம்காரர்கள் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், அதைச் செய்யவில்லை. பாகம் வர ஒரு மாதம் ஆனது, அதுவரை வண்டியை எடுக்கவில்லை. மாற்றியதற்குக் காசு வாங்கவில்லை. எத்தனையாவது ஓனராக இருந்தாலும் ரீகால் வேலை இலவசம், இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டம் இங்கே அதிகம் கைகொடுக்காது. 2021 ஏப்ரல் முதல் கட்டாய ரீகால் விதி இருக்கிறது, ஆனால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டும் விலையில் வரும் சொகுசு கார் பெரும்பாலும் அதைத் தாண்டியதுதான். மத்திய அரசின் எம்பரிவாகன் (mParivahan) ஆப்பில் ஓனர் எண்ணிக்கை, இன்ஷூரன்ஸ், கடன் எல்லாம் தெரியும். சஸ்பென்ஷன் பை கிழிந்திருப்பது அதில் தெரியாது.

அதனால் விலை பேசும் முன் சேசிஸ் நம்பரைக் கேளுங்கள். முன்பக்கக் கண்ணாடியின் அடியில் எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பாக்கி ரீகால் இருக்கிறதா என்று சொல்வார்கள். புகார்களைப் படிக்கும்போது உங்கள் வண்டியின் வருடமும் இன்ஜினும் கியர்பாக்ஸும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பத்துப் பேர் பத்து விதமாகக் குறை சொன்னால் விட்டுவிடலாம். ஒரே பாகம் கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டரில் பலருக்கும் போயிருந்தால், மெக்கானிக்கிடம் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். டீசல் வண்டி என்றால் அமெரிக்கப் புகார்கள் போதாது, அங்கே டீசல் கார் குறைவு. பிரிட்டனையும் தென் கொரியாவையும் பாருங்கள். 2018 கோடையில் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிரவைக்கும் இ.ஜி.ஆர். கூலரில் கூலன்ட் கசிந்து கரியோடு சேர்ந்து கனன்றதுதான் காரணம் என்று தெரிந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அங்கே ரீகால் ஆயின. அந்தக் காலத்து டீசலை இங்கே வாங்குகிறவர் அந்த ரீகால் தன் வண்டிக்கும் உண்டா, வேலை முடிந்ததா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

சாயங்காலத்தில் வண்டி பார்க்கப் போகாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில், அவர்கள் ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். எனக்குக் காட்டிய அன்று நான் போவதற்கு முன்பே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ளது உள்ளபடி" என்று நான் கையெழுத்திட்ட தாளைத்தான் ஷோரூம் இப்போது காட்டுகிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசியபின், மாவட்ட ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். கோவையில் பழைய சொகுசு கார் வாங்கி, டெலிவரிக்குச் சற்று முன் பழுது கோடு அழிக்கப்பட்டதாக ஸ்கேன் ரிப்போர்ட் உங்களிடமும் இருந்தால், டெலிவரி நோட்டோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள். இன்னும் ஒருவருக்கு நடந்ததாகக் காட்ட முடிந்தால்கூட வழக்குக்குப் பலம் என்கிறார் வக்கீல்.