குறிஞ்சி காட்டுகிறோம் என்று பணம் வாங்கினார்கள்: கேரளச் சுற்றுலாவில் எங்களுக்கு நடந்தது

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கான பயணச் செய்திகள், விடுமுறை யோசனைகள் என்று சொல்லிக்கொண்டு வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பல குழுக்கள் இயங்குகின்றன. அவற்றில் ஒன்றின் வழியாக ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு முன்பணம் கட்டும் எண்ணத்தில் நீங்கள் இருந்தால், கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். எங்கள் குடும்பம் செப்டம்பர் விடுமுறையில் கேரளாவுக்குச் சென்றது. ஐந்து பேருக்கு 5,850 வெள்ளி, விசாவுக்கென்று மேலும் 750 வெள்ளி. அதில் பெரும்பகுதி இன்னும் திரும்பி வரவில்லை.

குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. எழுதினாலும் பயனில்லை, அந்தப் பெயர் ஏற்கெனவே மாறிவிட்டது.

முதலில் அவர்கள் நம்பிக்கையைச் சம்பாதிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் வந்த செய்திகளில் பெரும்பாலானவை உண்மை. பாலித் தீவுக்குள் நுழையும் வெளிநாட்டவர் 2024 பிப்ரவரியிலிருந்து 150,000 ரூப்பியா கட்ட வேண்டும் என்று சொன்னார்கள், சரி. தாய்லாந்துக்குப் போகிறவர்கள் 2025 மே முதல் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது என்றார்கள்; அதுவும் சரி. சிங்கப்பூருக்கு வரும் உறவினர்கள் வருகை அட்டைக்குக் காசு கேட்கும் போலித் தளங்களில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கைகூட விடுத்தார்கள். மோசடியைப் பற்றி எச்சரிக்கிறவரே மோசடி செய்வார் என்று யார் நினைப்பார்கள்? மாதக்கணக்கில் இப்படிச் சரியான செய்திகளைத் தந்த பிறகுதான் விற்பனை தொடங்கியது.

எங்களுக்கு வந்த தூண்டில் குறிஞ்சிப் பூ. மலைச்சரிவு முழுவதும் நீலமும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும் படம். அதன் கீழே, “இந்தச் செப்டம்பரில் மூணாற்றில் நீலக்குறிஞ்சி. தவறவிட்டால் இன்னும் 12 ஆண்டுகள்.” என் அம்மா ஓய்வு பெற்ற தமிழாசிரியை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஐந்திணையைப் பாடமாக நடத்தியே வாழ்நாளைக் கழித்தவர். குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த அந்தப் பூவை நேரில் பார்த்ததில்லை. முழங்கால் வலியால் வெளியூர்ப் பயணங்களை எல்லாம் மறுத்துக்கொண்டிருந்தவர், அந்தப் படத்தைப் பார்த்ததும் போகலாம் என்றார்.

உண்மை இதுதான். மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பெருமளவில் கடைசியாகப் பூத்தது 2018-இல். அதற்கு முன் 2006, அதற்கும் முன் 1994. அடுத்தது 2030. பூக்கும் காலம் ஏறத்தாழ ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. இடைப்பட்ட ஆண்டுகளில் அதே இனத்தைச் சேர்ந்த வேறு சில செடிகள் வேறு மலைகளில் அங்கங்கே பூப்பதுண்டு. மூணாற்றுக்குப் பக்கத்தில் உள்ள இரவிகுளத்தின் சரிவுகள் முழுவதும் நீலமாக மாறுவது வேறு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எந்த ஆண்டில் பூத்தது என்பதை யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அந்த இடைவெளியில்தான் அவர்கள் கடை விரித்தார்கள். மாதத்தைச் சரியாகச் சொல்லி ஆண்டை மட்டும் மாற்றிவிட்டால், விவரம் தெரிந்தவர்களுக்கே அது நம்பும்படி இருக்கும். ஊர் திரும்பிய பிறகு அந்தப் படத்தைக் கூகள் படத்தேடலில் போட்டுப் பார்த்தோம். 2018-இல் யாரோ எடுத்தது.

பணம் வாங்கிய விதம்: பாதி முன்பணம், மீதி புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு. இரண்டும் பேநவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக. திரையில் வந்தது நிறுவனத்தின் பெயரன்று, ஒரு தனிமனிதரின் பெயர். கேட்டதற்கு, “நிறுவனக் கணக்கில் வாங்கினால் ஜிஎஸ்டி சேர்க்க வேண்டியிருக்கும், உங்களுக்குத்தான் செலவு” என்று பதில் வந்தது. பற்றுச்சீட்டில் லிட்டில் இந்தியா முகவரி ஒன்று அச்சாகியிருந்தது. பிறகு அங்கே போய்ப் பார்த்தபோது அது ஒரு தையற்கடை. கடைக்காரர், “நீங்களும் சுற்றுலாப் பணத்துக்குத்தான் வந்தீர்களா?” என்று கேட்டார். எங்களுக்கு முன்பே சிலர் வந்து போயிருக்கிறார்கள்.

விசா விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூர்க் குடிமக்கள் இந்தியாவுக்குச் செல்ல விசா வேண்டும்; சுற்றுலாவுக்கு மின்விசா போதும். ஆளுக்கு 150 வெள்ளி வாங்கினார்கள். இந்திய அரசின் தளத்தில் நாமே விண்ணப்பித்தால் 30 நாள் சுற்றுலா விசாவுக்கு அதில் பாதிகூட ஆகாது. அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி, புள்ளி, இன் என்று முடியும். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் மற்றவை பெரும்பாலும் இடைத்தரகர்கள். 30 நாள் விசாவுக்கு, போய்ச் சேரும் தேதிக்கு முந்திய 30 நாள்களுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். எனவே மூன்று மாதம் முன்பே அந்த விசாவுக்குப் பணம் கேட்கிறவரிடம், இப்போது எதற்கு என்று கேளுங்கள்.

பயணத்துக்கு வருகிறேன். கொச்சிக்கு நேரடி விமானம் என்றார்கள். டிக்கெட் கைக்கு வந்தபோது சென்னையில் இறங்கி, குடிநுழைவை முடித்து, உள்நாட்டு விமானம் மாற வேண்டும் என்று இருந்தது. பெட்டிகளையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, நள்ளிரவுக்குப் பிறகு கொச்சி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஒரு விடுதிக்கு மட்டும் பணம் கட்டப்பட்டிருந்தது.

மூணாற்றுக்கு இருட்டும் நேரத்தில் சேர்ந்தோம், கொட்டும் மழை. விடுதியின் வரவேற்பறையில் எங்கள் பெயர் இருந்தது; பணம் வரவில்லை. தொலைபேசியில் அறையைப் பிடித்து வைக்கச் சொன்னவர் பிறகு அழைக்கவே இல்லையாம். சிங்கப்பூரில் இருந்த ஏற்பாட்டாளரை அழைத்தோம். முதலில் வங்கியில் கோளாறு என்றார். அடுத்த அழைப்பில், நீங்கள் கட்டிவிடுங்கள், நாளை காலை திருப்பி அனுப்புகிறேன் என்றார். அதற்கடுத்த அழைப்பை எடுக்கவில்லை. அம்மாவை அந்த மழையில் எங்கே கொண்டுபோவது? நாங்களே கட்டினோம். தேக்கடிக்குப் பக்கத்தில் குமுளியிலும் இதே கதை.

எங்களைக் காரில் அழைத்துச் சென்றவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த தமிழர். அவருக்கும் வாடகை வந்து சேரவில்லை. டீசலுக்காவது கொடுங்கள் என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். எங்களை நடுவழியில் இறக்கிவிட்டிருந்தாலும் குறை சொல்ல முடியாது. அவர் கடைசி நாள் வரை கூடவே இருந்தார். அவருக்கான முழுக் கூலியையும் நாங்களே கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

குறிஞ்சி எந்தப் பக்கம் என்று அம்மா அவரிடம்தான் கேட்டார். “அம்மா, அது 2018-இல் பூத்தது. இனி 2030-இல்தான். யார் உங்களிடம் இப்போது என்று சொன்னது?” என்றார் அவர். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போனோம். வனத்துறையின் பஸ்ஸில் ராஜமலைக்கு ஏறினோம். வரையாடுகள் பாதையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. ஆனைமுடிச் சிகரம் மேகத்துக்குள் இருந்தது. எல்லா நுழைவுக் கட்டணமும் அடக்கம் என்று விளம்பரம் சொல்லியிருந்தும், வெளிநாட்டவருக்கான தனிக் கட்டணத்தை ஐந்து பேருக்கும் நாங்களே கட்டினோம். அந்த இடத்தின் அழகுக்கு எந்தக் குறையும் இல்லை; மூணாற்றுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பூக்காத பூவைக் காட்டி ஒரு வயதான ஆசிரியரை மலையேற வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆலப்புழைப் படகு வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். “இரவு முழுவதும் காயலில் பயணம்” என்பது விளம்பரம். அங்கே படகு வீடுகள் மாலையிலேயே கரையோரம் கட்டப்பட்டுவிடும். அதன் பிறகு மீனவர்கள் வலை விரிப்பார்கள். இது அந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். இரவு முழுவதும் ஓடும் என்று எழுதியவர் அந்தப் படகில் கால் வைத்ததே இல்லை.

திரும்பி வந்த அன்றே குழுவிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள். என் கணவர் மூணாற்று விடுதியில் இருந்தபோதே உரையாடல் முழுவதையும் நகலெடுத்து மின்னஞ்சலில் சேமித்திருந்தார். விடுதிகளிலும் பணம் கட்டியதற்கான ரசீதை, தேதியும் பெயரும் போட்டு வாங்கினார். இன்று எங்களிடம் இருக்கும் ஆதாரம் அது மட்டுமே. இப்படி ஒரு நிலையில் மாட்டிக்கொண்டால் கோபப்படுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இந்த வகை ஏமாற்றில் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி, பாதியைச் செய்து கொடுப்பதுதான். பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் அது வெளிப்படையான மோசடி. இவர்கள் விமான டிக்கெட் எடுத்தார்கள், ஒரு விடுதிக்குப் பணம் கட்டினார்கள், கார் அனுப்பினார்கள். நாங்கள் போலிஸில் புகார் கொடுத்தபோது, இது மோசடியா, ஒப்பந்தப்படி சேவை தராத தகராறா என்பதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். வங்கியிலும் அப்படித்தான்: நாமே அனுமதித்து அனுப்பிய பேநவ் பணத்தைக் கடன் அட்டைக் கட்டணத்தைப் போல மறுத்துக் கேட்க வழியில்லை. பயணக் காப்பீடும் கைகொடுக்கவில்லை. எங்கள் காப்பீட்டின்படி, பயண முகவர் நொடித்துப்போனால் இழப்பீடு உண்டு. ஆனால் அவர் உரிமம் பெற்ற முகவராக இருக்க வேண்டும்.

அந்த உரிமம்தான் எல்லாவற்றுக்கும் வேர். சிங்கப்பூரில் சுற்றுலாவை வியாபாரமாக விற்கும் எவரும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமமில்லாமல் நடத்துவது குற்றம். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைக் கழகத்தின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். உரிம எண் டிஏ (TA) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். விளம்பரத்தில் எண் இருப்பது மட்டும் போதாது. அடுத்தவருடைய எண்ணையும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் நிறுவனத்தின் பெயரும், பேநவ் திரையில் வரும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் எந்தக் காரணம் சொன்னாலும் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டியை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்பது காரணமே அன்று. முடிந்தவரை கடன் அட்டையில் கட்டுங்கள். விடுதியின் பெயரை எழுத்தில் வாங்கி, நீங்களே ஒருமுறை அந்த விடுதிக்கு அழைத்து உங்கள் பெயரில் பணம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பூவோ பனியோ திருவிழாவோ, பருவத்தை நம்பிப் போகும் பயணம் என்றால் அந்த மாநில வனத்துறையோ சுற்றுலாத் துறையோ என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. இணையத்திலேயே மனுவைப் பதிவு செய்யலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டிய கட்டணம் 10 வெள்ளி. நாங்கள் விடுதிகளுக்கும் காருக்கும் மறுபடி கட்டிய தொகையையும் விசாவுக்குக் கூடுதலாக வாங்கியதையும் கோரியிருக்கிறோம். எதிர்மனுதாரரின் முகவரியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தையற்கடை முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பி என்ன பயன்? பயணத்துறைக் கழகத்துக்கும் தனியே புகார் அனுப்பினோம். பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். சந்தேகமாக இருந்தால் பணம் அனுப்பும் முன்பே 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் என் நாத்தனாருக்கு வேறொரு குழுவிலிருந்து விளம்பரம் வந்தது: டிசம்பர் விடுமுறையில் காஷ்மீர், ஸ்ரீநகர் துலிப் தோட்டம் பூத்துக் குலுங்கும் காட்சியுடன். பெயர் புதிது, எண் புதிது. அவர் பணம் கட்டப் போவதுபோல விசாரித்து, பேநவ் திரையைப் படம்பிடித்து எனக்கு அனுப்பினார். பெறுபவர் பெயர் எங்களிடம் பணம் வாங்கிய அதே பெயர். ஸ்ரீநகர் துலிப் தோட்டம் மார்ச் கடைசி வாக்கில் திறந்து, ஏப்ரலோடு பூ முடிந்து மூடப்படும். டிசம்பரில் அங்கே துலிப் கிடையாது. அந்தப் பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் மீதித் தொகையைக் கட்டாதீர்கள். கையில் இருக்கும் உரையாடலைச் சேமித்து வைத்துக்கொண்டு, குழுவிலிருந்து நீக்கப்படுவதற்கு முன் வங்கிக்கும் போலிஸுக்கும் சொல்லுங்கள்.