பழைய 18 டயர் டிரெய்லர்: சில வருட ஓட்டத்தில் காசு எங்கே போகிறது

பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர் முதல் வேலையாகக் கேபினைத் தூக்கி இன்ஜினைப் பார்க்கிறார். ஸ்டார்ட் பண்ணிப் புகை பார்ப்பார், கிளட்ச் பார்ப்பார், விலை பேசுவார். பின்னால் நிற்கும் நாற்பதடிச் சட்டத்தை ஒரு சுற்று சுற்றி வருவதோடு சரி. ஆனால் மூன்று நான்கு வருடம் ஓட்டிய பிறகு பட்டறைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால், மாதாமாதம் காசைத் தின்றது அந்தப் பின்சட்டம்தான் என்று தெரியும்.

இன்ஜினைப் பார்க்க வேண்டாம் என்பதில்லை, அதற்கு அரை நாள் போதும். காலையில் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். போய்ச் சேரும்போதே சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சூடான பிறகு ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 (புகை மாசு விதி) வண்டிக்கு, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா கரைசலான ஆட்புளூ செலவு தனி. நம் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், தக்கலை நெரிசலில் நின்று நின்று குறைந்த தூரமே ஓடினால் சைலன்சர் வடிகட்டியில் கரி சேர்ந்து எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அந்த மாதிரி ஓட்டத்துக்கு நன்றாகப் பராமரித்த பிஎஸ் 4 வண்டி தலைவலி குறைவு.

அடுத்து கிங் பின், அதாவது டிரெய்லரை முன்வண்டியோடு மாட்டும் இரும்பு முளை. புதிதில் கழுத்து விட்டம் 50.8 மில்லிமீட்டர். 49க்கு இறங்கிவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். வெர்னியர் வைத்து முன்பின்னாகவும் குறுக்காகவும் இரண்டு தடவை அளக்க வேண்டும், தேய்மானம் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். துறைமுகத்திலேயே சுற்றிய டிரெய்லரில் இது இன்னும் முக்கியம். கிலோமீட்டர் குறைவாக இருக்கலாம், ஆனால் ஒரு நாளைக்குப் பலமுறை மாட்டிக் கழற்றியிருப்பார்கள். கிங் பின் நன்றாக இருந்து, ஹார்ஸ் எனப்படும் முன்வண்டியில் அதைக் கவ்விப் பிடிக்கும் பிஃப்த் வீல் தட்டின் தாடை தேய்ந்திருந்தாலும் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு இடி முதுகில் விழும். தாடையை மட்டும் மாற்றிப் பின்னை விட்டாலோ, பின்னை மாற்றித் தாடையை விட்டாலோ புதியதைப் பழையது சீக்கிரமே தின்றுவிடும்.

டயர் முன்வண்டியில் 6, டிரெய்லரில் 12. டிரெய்லர் டயர்கள் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால் விற்பவர் 'காற்றுக் குறைச்சல்' என்பார். பெரும்பாலும் ஆக்சில் கோணல்தான். கிங் பின்னிலிருந்து முதல் ஆக்சிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் இரும்பு டேப் பிடித்தால், இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சட்டம் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். டயர் போவது கண்ணுக்குத் தெரியும், டீசல் போவது தெரியாது. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 2.7 கொடுத்தால், மாதம் 6,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் 220 லிட்டர் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஒரு மாதக் கடன் தவணையில் கணிசமான பங்கு அது. ஆக்சிலை இடத்தில் பிடித்து வைக்கும் இணைப்புகளின் ராக்கர் புஷ், டார்க் ராடு புஷ் இரண்டையும் மாற்றினாலே பல வண்டிகள் நேராகிவிடும். அதன் பிறகுதான் புது டயரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

துரு விஷயத்தில் நம் மாவட்டம் மோசம். கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மீன் தண்ணீர் ஒழுக ஓடிய வண்டியும், கடலோரம் மாதக்கணக்கில் நின்ற சட்டமும் மேலே புது பெயின்டோடு பளபளக்கும். பெயின்டை நம்பாமல் சின்னச் சுத்தியல் எடுத்துப் போங்கள். நீளச் சட்டம் முன்னால் கழுத்துப்போல் வளைந்து உயரும் இடம், ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கரின் வெல்டிங் ஓரம், கழற்றிய டிரெய்லரை நிறுத்தும் முன்கால்களின் (லேண்டிங் லெக்) பிடி ஆகிய மூன்று இடத்தையும் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் இரும்பு. 'தப்' என்றால் துருப்படலம். குறுக்கே தகடு வைத்து வெல்ட் அடித்த ஒட்டு இருந்தால் விலை பேச வேண்டாம், அடுத்த வண்டியைப் பார்க்கலாம். விரிசல் அந்த ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி வரும்.

பிரேக்குக்கு, காற்று நிரம்பிய பிறகு இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு டிரெய்லருக்குக் காற்று போகும் சிவப்பு ஹோஸைக் கழற்ற வேண்டும். டிரெய்லர் சக்கரங்கள் உடனே இறுகிப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் முதலில் காற்றைப் பிரேக்குக்கு அனுப்பும் ரிலே வால்வைச் சந்தேகிக்க வேண்டும். '30' அளவு பிரேக் சேம்பரில் (காற்று நிரம்பும் டப்பா) முழுப் பிரேக்கில் அது தள்ளும் புஷ் ராடு 2 அங்குலத்துக்கு மேல் வெளியே வந்தால் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை என்று அர்த்தம். ஆறு சேம்பரும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம், அதனால் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழியை விட நல்ல இடம் கிடையாது. ஆடிக் காற்றில் காலிப் பெட்டியோடு கணவாயைக் கடந்தால் பிஃப்த் வீல் ஆட்டம், புஷ் தேய்மானம், ஸ்டியரிங் விளையாட்டு எல்லாம் கையிலேயே தெரியும். பாரத்தோடு பார்க்க, தக்கலை முதல் மார்த்தாண்டம் வரையிலான ஏற்ற இறக்கம் போதும்.

பேப்பரில் பலரும் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். முன்வண்டிக்கு ஒரு ஆர்சி, டிரெய்லருக்குத் தனி ஆர்சி. 'டிரெய்லர் பேப்பர் பின்னாடி வரும்' என்று புரோக்கர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் சேசிஸ் எண்ணைத் தாளில் பென்சில் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிட வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டு வண்டிக்கும் வேண்டும். பைனான்ஸ் இருந்தால் கடன் நீக்கத்துக்கு 35, வெளிமாநிலப் பதிவு என்றால் தடையில்லாச் சான்றுக்கு 28. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வருடாவருடம். களியக்காவிளை தாண்டினாலே கேரளம் என்பதால் நேஷனல் பர்மிட் இல்லாமல் நமக்குப் பிழைப்பில்லை. இந்த மாதிரி மல்டி ஆக்சில் (இரண்டுக்கு மேல் ஆக்சில்) வண்டிக்கு அது 15 வயது வரைதான், ஆகவே 11 வருட வண்டியை வாங்கினால் கையில் இருப்பது நான்கே வருடம். எடையையும் பாருங்கள். எடை வரம்பை உயர்த்திய 2018 திருத்தத்துக்குப் பின் முன்வண்டியின் முன் ஆக்சிலுக்கு 7, பின் ஆக்சிலுக்கு 11.5, டிரெய்லரின் மூன்று ஆக்சிலுக்கு 27 என்று சேர்த்து மொத்தம் 45.5 டன். அதற்கு முந்தைய ஆர்சியில் 40.2 என்றே இருக்கலாம். லோடு பேசும்போது ஆர்சியில் எழுதியிருப்பதுதான் கணக்கு. இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லர் எண் ஏறியிருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள், முன்வண்டிக்கு மட்டும் போட்டுவைத்திருப்பார்கள்.