இட்ச், டிரைவ்த்ரூ, கிக்ஸ்டார்ட்டர்: 36 பக்க ஆட்டத்தை எங்கே வெளியிடுவது?

விதிகளை எழுதி, மூன்று நான்கு குழுக்களோடு ஆடிப் பார்த்துத் திருத்தி, 36 பக்க ஏ5 ஜைனாக (சிறு கையேடாக) ஒரு டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டம், அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டம், கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோரும் ஒப்பிடுவது அதை விற்கும் இணையத் தளங்களின் கமிஷனை. அந்த ஒப்பீட்டில் பலர் ஒரு கணக்கைத் தவற விடுகிறார்கள்.

இட்ச்.ஐஓ வழக்கமாக எடுப்பது 10 சதவீதம். அதைப் பூஜ்யம் வரை குறைக்கும் உரிமையும் நமக்கே உண்டு. ஆனால் பணப் பரிமாற்றக் கட்டணம், சுமார் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும், தனியாகக் கழியும். டிரைவ்த்ரூ ஆர்பிஜி 65 சதவீதத்தை நமக்குத் தருகிறது. பரிமாற்றக் கட்டணத்தை ஒவ்வொரு விற்பனையிலும் தனியாகக் கழிப்பதில்லை. 5 டாலர் பிடிஎஃப் என்றால் இட்சில் ஏறக்குறைய 4.05 டாலர், டிரைவ்த்ரூவில் 3.25. விலை 1 டாலர் என்றால் நிலைமை தலைகீழ்: இட்சில் 57 சென்ட், டிரைவ்த்ரூவில் 65. அந்த 30 சென்ட்தான் காரணம். சுமார் 1.35 டாலருக்குக் கீழே விற்கும் ஒற்றைப் பக்க ஆட்டங்களுக்கும் துணைத் தாள்களுக்கும் டிரைவ்த்ரூவே லாபம்.

டிரைவ்த்ரூவில் மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால் பங்கு 70 ஆகும். முதல் ஆட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம். 5 சதவீதத்துக்காக இட்சின் ஜாம்களையும் (ஒரு கருப்பொருளில் குறித்த நாளுக்குள் பலரும் ஆட்டம் செய்து பகிரும் நிகழ்வுகள்) சமூகப் பிரதிகளையும் இழக்கிறோம். ஒருவர் காசு கொடுத்து வாங்கினால், வாங்க முடியாத இன்னொருவருக்கு ஓர் இலவசப் பிரதி சேரும்படி அங்கே அமைத்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத ஆட்டம் புதிய மேசைகளைச் சென்றடைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இட்சின் பலவீனம் தேடல். வீடியோ கேம்களுக்காக எழுந்த தளம் அது. ஜாமோ நம் சொந்த இணைப்போ இல்லாமல் யாரும் தடுக்கி வந்து விழ மாட்டார்கள். வயது வந்தோருக்கான உள்ளடக்கம் உள்ள ஆட்டமென்றால் இன்னொரு கவலையும் உண்டு. பணப் பரிமாற்ற நிறுவனங்களின் அழுத்தத்தால் 2025 ஜூலையில் இட்ச் அவ்வகைப் பக்கங்களைத் தேடலிலிருந்து மொத்தமாக நீக்கியது. டிரைவ்த்ரூவுக்கு வருபவரோ ரோல்பிளே ஆட்டம் வாங்கத்தான் வருகிறார்.

(டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, ஆட்டத்துக்கான படைப்புகளை விற்கும் டிஎம்ஸ் கில்ட் தளம் வேறு கதை. டி&டியின் உலகங்களைப் பயன்படுத்தலாம், பங்கு 50 சதவீதம், அங்கே போட்டதை வேறெங்கும் விற்க முடியாது. விதிகள் மட்டும் போதுமென்றால் 2023 ஜனவரி முதல் அந்த ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. உரிய நன்றிக் குறிப்பைச் சேர்த்தால் போதும்.)

டிரைவ்த்ரூவின் உண்மையான பலம், கேட்டபோது அச்சிடும் வசதி. முன்பணமும் வேண்டாம், அட்டைப்பெட்டிகளை அடுக்க இடமும் வேண்டாம். ஆனால் கோப்பு கறாராக இருக்க வேண்டும்: அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் வடிவம், ஓரங்களில் 0.125 அங்குல பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் படம்), ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் கூட்டு 240 சதவீதத்துக்குள். எழுத்து தனிக் கருப்பில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கருப்பில் சிற்றெழுத்தை அச்சிட்டால், நிறங்கள் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து மங்கும். விற்பனைக்கு முன் மாதிரிப் பிரதி வரவழைத்து ஒப்புதல் தர வேண்டும். கோப்பைத் திருத்தினால் இன்னொரு மாதிரி, இன்னும் சில வாரம். தமிழில் ஆட்டம் எழுதுவோர் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பை இயக்க மறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில் 1.5.3 பதிப்பிலிருந்து இந்தச் சிக்கல் இல்லை.

கிக்ஸ்டார்ட்டர் கடை அல்ல, அச்சுச் செலவை ஆதரவாளர்களிடமிருந்து முன்கூட்டியே திரட்டும் வழி. 2019 பிப்ரவரியில் தொடங்கிய ஜைன் குவெஸ்ட் என்ற ஜைன் திட்டங்களுக்கான நிகழ்வு, சின்ன ஆட்டங்களுக்கும் அங்கே இடம் உண்டு என்று காட்டியது. தளத்துக்கு 5 சதவீதம். பரிமாற்றத்துக்குச் சுமார் 3 சதவீதமும் 20 சென்ட்டும். அடி விழுவது தபாலில். 12 டாலர் ஜைனுக்கு 6 டாலர் தபால் செலவையும் அங்கேயே வசூலித்தால் கழிவு 18 டாலருக்கும் பொருந்தும்: 1.64 டாலர், அதாவது ஜைன் விலையில் 14 சதவீதம். எடையைக் காகிதம் வாங்கும் முன்பே கணக்கிடுங்கள். 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாளில் 32 உள்பக்கம் 50 கிராம், 250 ஜிஎஸ்எம் அட்டை 16 கிராம். உறையோடு 100 கிராமுக்குள் அடங்குவதால் பிரிட்டனில் 'லார்ஜ் லெட்டர்' கட்டணத்தின் முதல் படியிலேயே போகும். ஆசைப்பட்டு ஒரு பகடைப் பெட்டியைச் சேர்த்தால் அது பார்சல் ஆகிவிடும்.

திரட்டும் தொகை இலக்கைத் தாண்டினால் '10 பக்கம் கூடுதல்' என்று வாக்குக் கொடுப்பதும் அப்படிச் செலவை ஏற்றும். நடுவில் ஸ்டேப்லர் அடிக்கும் புத்தகம் நான்கின் மடங்கில்தான் வளரும். 46 என்பது 48 ஆகும், எடையும் மாறும், எழுதாத பக்கங்களுக்காக எல்லாம் தாமதமாகும். உரை முடியாமல் பிரச்சாரம் தொடங்காதீர்கள். மேலும் இந்தியா, இலங்கை முகவரியில் அங்கே திட்டம் தொடங்க முடியாது, சிங்கப்பூரில் முடியும்.

என் தேர்வு இந்த வரிசை: முதலில் இட்சில் விலையை வாங்குபவரே முடிவு செய்யும் ஆரம்பப் பதிப்பு, பிழைகள் அடங்கியதும் இரண்டு தளங்களிலும் 5 டாலருக்கு இறுதி பிடிஎஃப். அச்சில் கேட்பவர்கள் வெவ்வேறு நாடுகளில் சிதறியிருந்தால் டிரைவ்த்ரூ அச்சு. நல்ல தாளும் தனி நிற மையும் வேண்டுமென்று ஆட்டமே கேட்டால் மட்டும் கிக்ஸ்டார்ட்டர், அதுவும் அச்சகத்தின் விலைப்பட்டியல் கைக்கு வந்த பிறகு.